ஒருவர் தப்பாகத்தான் சொல்கிறார், சரி. அடுத்து என்ன பேசுவது?

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் ஊருக்குள் ஒரு கணக்கு ஓடும். ஏழு என்றால் சமாளிக்கலாம், எட்டு என்றால் மோசம், ஒன்பது அதைவிட மோசம், பத்து என்றால் ஊர் தாங்காது, பதினொன்று அதற்கும் மேலே. பெரும்பாலோர் நம்புவது இதைத்தான். உண்மை வேறு. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே அளவு அபாயத்துக்கானவை. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கரையைக் கடக்கும் என்றால் எட்டு. வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் ஒன்பது. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் பத்து. ஐந்து, ஆறு, ஏழும் இதே வரிசைதான், ஒரு படி குறைந்த அபாயத்துக்கு. பதினொன்று என்பது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனதற்கு.

இப்போது தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர், "எட்டு போயி ஒம்பது ஏத்திட்டான், புயல் பெருசாயிடுச்சு, படகையெல்லாம் மேல இழுங்கடா" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் காரணம் தப்பு, செய்யச் சொல்லும் காரியம் சரி. அந்த நேரத்தில் கூண்டு எண்ணுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அதே பெரியவர், "பத்து போயி ஒம்பது ஆயிடுச்சு, வேகம் கொறைஞ்சிடுச்சு, போயி வலையை எடுத்தாந்துடலாம்" என்றால்? அதே தப்பான நம்பிக்கைதான், ஆனால் இப்போது ஆளைக் கொல்லும். புயல் வலு குறையவில்லை, பாதைதான் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. இந்த இடத்தில் மரியாதை பார்த்துச் சும்மா இருக்கக் கூடாது.

தப்பான கருத்தைப் பொறுத்துக்கொள்வது பற்றி நான் சொல்ல வருவது இதைச் சுற்றித்தான். ஒரு கருத்து எவ்வளவு தப்பு என்று அளப்பதைவிட, அதை நம்பி அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் விட்டுவிடலாம், அல்லது பத்து நாள் கழித்துப் பேசலாம். காசு போகும், உறவு கெடும் என்றால் உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும். உயிர் போகும் என்றால் முதலில் காரியத்தைத் தடுக்க வேண்டும், பேச்சு பிறகு.

கடைசி வகைக்கு வெள்ளம் வடிந்தபின் நம் பக்கம் அடிக்கடி வருவது பாம்புக்கடி. "கயித்தை இறுக்கிக் கட்டு, கீறி ரத்தத்தை எடு" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் இரண்டும் கெடுதல். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை காலே போகலாம். கீறினால் ரத்தம் நிற்காமல் போகலாம், சில பாம்புகளின் விஷம் ரத்தத்தை உறைய விடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே, "நீங்க சொல்றது தப்புண்ணா" என்று தொடங்கினால் அது தனி வாக்குவாதம் ஆகிவிடும். "அண்ணா, நீங்க வண்டியைப் பாருங்க, நான் ஆளைப் பிடிச்சுக்கறேன்" என்று அவர் கைக்கு வேறு வேலை கொடுத்துவிடுவது நல்லது.

இனி நடுவகை. இதுதான் பெரியது, இங்கேதான் நாம் அதிகம் சறுக்குகிறோம்.

2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். "சாத்தனூர் அணையைத் தொறந்து விட்டதாலதான் எல்லாம் முங்குச்சு" என்று மாமா சொல்கிறார். "சும்மா இருங்க மாமா, மழை அப்படிப் பேஞ்சா அணை என்ன பண்ணும்" என்று மருமகன் சொல்கிறார். ஒரு மணி நேரம் போகிறது. இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைக்கிறார்கள். ஆனால் மாமாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நாலு கூற்றுகள் இருக்கின்றன. அணையிலிருந்து பெரிய அளவில் தண்ணீர் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் ஊர் முங்கியிருக்காது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாம். கரையோரத்தில் இருந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை.

முதலாவது வெறும் தகவல். டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி வெளியேறியது, அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. இரண்டாவது காரண காரியம் பற்றியது, அதற்குக் கணக்குப் போடலாம். மூன்றாவது, அன்று கையில் இருந்த வானிலைத் தகவலை வைத்து எது விவேகம் என்பது பற்றிய தீர்மானம். அதில் விவரம் தெரிந்த இருவரே மாறுபடலாம். நாலாவது ஊருக்கு ஊர் விடை மாறும். ஒரு தெருவில் தண்டோரா போட்டிருப்பார்கள், அடுத்த தெருவில் தூக்கத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். மாமா நாலாவதை மனதில் வைத்துக் கோபப்படுகிறார், மருமகன் இரண்டாவதுக்குப் பதில் சொல்கிறார். அவர் கோபத்தை இவர் கேட்கவே இல்லை, இவர் கணக்கை அவர் பார்க்கவே இல்லை.

இரண்டாவதுக்கான கணக்கைப் போட்டே பார்க்கலாம், பெரிய வித்தை இல்லை. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதாவது ஏழு டிஎம்சி சொச்சம். வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3,600-ஆல் பெருக்க வேண்டும், சுமார் 605 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், அணை ஒரு சொட்டு இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அணை காலியாக இருந்ததில்லை, ஆகவே தாங்கும் நேரம் அதைவிடக் குறைவு. அணைக்குக் கீழே துரிஞ்சலாறு முதலானவை வந்து சேர்வது தனி.

இந்தக் கணக்கு மருமகனை ஜெயிக்க வைக்கிறதா? பாதிதான். "அணையால் மட்டும்தான் வெள்ளம்" என்பது நிற்காது. ஆனால் முன்பே கொஞ்சம் இறக்கி வைத்திருந்தால் சில மணி நேரம் கிடைத்திருக்கும் என்பதும் அதே கணக்கிலிருந்து வருகிறது. குண்டு உப்பலவாடியிலும் தாழங்குடாவிலும் சாமானைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பச் சில மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கணக்கை நேர்மையாகப் போட்டால் அது இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும். எனக்கு மட்டும் கொடுக்கிற கணக்கு என்றால் எதையோ விட்டுவிட்டேன் என்று முதலில் சந்தேகப்படுவேன்.

தகவல் தப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வில்லியனூர்ப் பக்கம் ஏறிய தண்ணீருக்கும் ஒருவர் சாத்தனூரைத் திட்டினால், அது தீர்மானத்தில் உள்ள வேற்றுமை இல்லை. அது சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர், வீடூர் அணை வழியாக வருவது. வரைபடத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும். அதைத் தனியாகக் காட்டுவதா, நாலு பேர் முன்னால் காட்டுவதா என்பதுதான் கேள்வி. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பாவைத் திருத்தினால், அவர் வரைபடத்தைப் பார்க்க மாட்டார், தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். சாப்பாடு முடிந்து அவர் திண்ணைக்கு வந்தபின் சொன்னால் போதும். கூட்டத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அவர் சொன்னதில் சரியாக உள்ளதை முதலில் எடுத்து வைக்க வேண்டும்: "பெரியப்பா சொல்ற மாதிரி அணைத் தண்ணி வந்தது நெசம்தான். ஆனா அது பெண்ணையில. வில்லியனூருக்கு வந்தது சங்கராபரணித் தண்ணி."

இந்த வரிசை புதிதல்ல. நன்னூல் ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தோடு நடந்துகொள்ளும் ஏழு விதங்களைச் சொல்கிறது. முதலில் வருவது உடன்படல், அடுத்துத்தான் மறுத்தல். மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. எதிராளி சொல்வதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டு, அதிலேயே கொஞ்ச தூரம் நடந்து காட்டி, பிறகு நீக்குவது. ‘அணை காய்ந்து கிடந்ததாகவே வைத்துக்கொள்வோம்’ என்று மேலே போட்ட கணக்கு இந்த வகைதான். இதில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் தன் கருத்தோடு நம்மோடு கூடவே நடந்து வருகிறார், வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படவில்லை.

மறுப்பதற்கு முன் எதிர்க்கருத்தை முழுதாகச் சொல்லிவிடுவதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருத்துறையூரைச் சேர்ந்தவர் அருணந்தி சிவாசாரியார். அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பிரிவு. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகுதான் வருகிறது. முதலில் வரும் பரபக்கம் முழுக்க மற்றவர்களுடையது: உலகாயதத்தில் தொடங்கிப் பௌத்தம், சமணம் என்று 14 கொள்கைகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் வாயால் அவர்கள் மதம், அது முடிந்தபின் மறுதலை. கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்கிறவனுக்கும் முழு இடம் கொடுத்துப் பேச விடுகிறார். மறுப்பில் அவர் கடுமையாகவே இருக்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடுமை அந்த இடத்தில்தான், எடுத்துச் சொல்லும் இடத்தில் இல்லை.

இதை வீட்டிலோ சங்கக் கூட்டத்திலோ செய்வது எளிது என்று நினைக்க வேண்டாம். பலபேர் செய்வது இப்படி: "அதாவது நீங்க என்ன சொல்றீங்கன்னா, அதிகாரிங்க எல்லாரும் வேணும்னே ஊரை முக்கிட்டாங்க, அப்படித்தானே?" இது எடுத்துச் சொல்வது இல்லை, குத்துவது. மாமா அப்படிச் சொல்லவே இல்லை. சரியாகச் சொன்னால் இப்படி இருக்கும்: "மாமா, நீங்க சொல்றது, தண்ணி வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், ராத்திரி நேரத்துல அவ்வளவு பெரிசா விடாம பகல்லயே விட்டிருக்கலாம், கரையோரத்து ஜனங்களுக்கு ஒழுங்கா சொல்லியிருக்கலாம், இதானே?" மாமா, "அதேதான், அதைத்தான் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை நம் பதிலைத் தொடங்கக் கூடாது. "அப்படி இல்ல" என்றால் மறுபடி கேட்டு மறுபடி சொல்ல வேண்டும். இரண்டு முறைக்கு மேல் ஆனால், பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது வேறு ஏதோ என்று அர்த்தம். அப்போது அணையை விட்டுவிட்டு, "உங்க வீட்ல எது வரைக்கும் மாமா தண்ணி ஏறுச்சு?" என்று கேட்பது மேல்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் கடலூரே சாட்சி. 1867-ல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அதை எதிர்த்தார். உள்ளே இருந்த கேள்வி நியாயமானது: திருமுறைகளுக்கு உரிய இடத்தை, நம் காலத்தில் வாழும் ஒருவர் பாடியதற்குக் கொடுக்கலாமா? நாவலர் ஏடுகளைத் தேடி, பிழை நீக்கி, அச்சில் ஏற்றப் பாடுபட்டவர். திருமுறைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று அவர் கவலைப்பட்டதில் வியப்பில்லை. வடலூரில் அதே 1867-ல் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர் வள்ளலார். அவர் பாட்டில் அருளைக் கண்டவர்கள் அதை அருட்பா என்றதிலும் வியப்பில்லை. இரண்டு பேரும் பொருட்டாக நினைத்தது உண்மையான விஷயம். ஆனால் பேச்சு பாட்டை விட்டு ஆளிடம் போனது. கண்டன நூல்கள், எதிர்க் கண்டனங்கள், வசை. 1869-ல் அவதூறு வழக்காகிக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கு என்ன ஆயிற்று என்பதை இரு தரப்பாரும் இன்றும் வேறு வேறு விதமாகத்தான் சொல்கிறார்கள். இருவர் காலத்துக்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், மறைமலையடிகளும் இஸ்லாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் மறுபக்கமுமாக அது மீண்டும் மூண்டது.

அவதூறு வழக்கில் நீதிமன்றம் யார் யாரை என்ன சொன்னார் என்றுதான் விசாரிக்க முடியும். ஒரு பாட்டு அருளால் வந்ததா என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதாவது வழக்கு என்று ஆன நாளிலேயே அசல் கேள்வி கை நழுவிவிட்டது. நம் வீட்டுச் சண்டைகளிலும் இதே திருப்பம் வரும் இடத்தைக் கவனித்தால் பிடித்துவிடலாம். ‘அது’ என்று பேசிக்கொண்டிருந்தவர் ‘நீ’ என்று பேசத் தொடங்குவார். "அந்தக் கணக்கு தப்பு" என்பது "உனக்கு என்ன தெரியும்" என்று மாறும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று வந்துவிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் கொண்டுவரும் எந்த ஆதாரமும் வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருத்து வேற்றுமை போலத் தெரியும் எல்லாம் கருத்து வேற்றுமை இல்லை. மீன் கூட்டத்தையே வளைத்து அடியில் சுருக்கி அள்ளும் பெரிய வலையான சுருக்குமடி வலை விஷயத்தில் கடலூர், புதுச்சேரி மீனவக் கிராமங்கள் பிளந்து நிற்பதை வெளியாட்கள் பார்த்தால், மீன்வளம் பற்றிய விவாதம் என்று நினைப்பார்கள். அதுவும் இருக்கிறது. ஆனால் கண்ணாடியிழைப் படகில் போகிறவருக்கு இது நாளைய உலை. கடன் வாங்கிப் பெரிய வலையும் விசைப்படகும் போட்டவருக்கு இது மாதத் தவணை. இங்கே ஒருவர் மற்றவருடைய கருத்தை மாற்றினாலும் பிரச்சினை அப்படியே இருக்கும். பிழைப்பு மோதும் இடத்தில் வாதத்தைக் குறைத்துக்கொண்டு, எங்கே, எப்போது, எவ்வளவு என்று பேரம் பேசுவதுதான் வழி. அந்த வலைக்குத் தமிழ்நாடு விதித்த தடையை எதிர்த்த வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவைப் பாருங்கள்: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. எந்த வலை நல்லது என்று அது சொல்லவில்லை, இடத்தையும் நாளையும் நேரத்தையும் பிரித்தது. இரு தரப்புக்கும் அதில் திருப்தி இல்லை. இருந்தாலும் பேசுவதற்கு எண்கள் கிடைத்தன. வேறொருவர் வயிற்றில் கை வைக்கிற விஷயத்தில், "நீங்க தப்பா நினைக்கறீங்க" என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருப்பது பெரிய அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

நகர் நலச் சங்கம், கோயில் கமிட்டி, பெற்றோர் கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். தலைவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் சொல்லிவிட்டால், பாதிப்பேர் தலையாட்டிவிட்டு வெளியே போய்த் திட்டுவார்கள். வயதில் சின்னவர்களை முதலில் பேச விடுவது நல்லது, பெரியவர் பேசியபின் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பெண்கள் பின்வரிசையில் இருந்தால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "நீங்க சொல்லுங்க அக்கா, தெருவுல தண்ணி நிக்கறப்ப மோட்டார் போடறது நீங்கதானே." ஒருவருக்கு மூன்று நிமிடம். பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தை அன்றே முடிக்காமல், இந்தக் கூட்டத்தில் பேசி அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம். இடையில் ஒரு வாரம் இருந்தால் ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது மனதை மாற்றிக்கொள்வார். கூட்டத்திலேயே மாற்றிக்கொள் என்றால் மாட்டார்.

ஓட்டுக்கு விட்டால், தீர்மானப் புத்தகத்தில் எதிர்த்தவர்கள் எண்ணிக்கையையும் ஒரு வரியில் அவர்கள் காரணத்தையும் எழுத வேண்டும். ‘ஏகமனதாக’ என்று எழுதும் பழக்கம் கெட்ட பழக்கம். 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரிக்குப் பக்கத்துக் கீழூரில் இந்தியாவோடு சேர்வது பற்றி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அவ்வளவு பெரிய காரியத்திலும் அந்த எட்டு மறைக்கப்படவில்லை, வரலாற்றில் அந்த எண்ணோடுதான் நிற்கிறது. தெருவுக்கு சாக்கடை மூடி போடும் தீர்மானத்தில் மூன்று பேர் எதிர்த்ததை எழுத நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? எழுதிவிட்டால் எதிர்த்தவருக்குத் தன் பேச்சு காற்றில் போகவில்லை என்று தெரியும். ஆறு மாதம் கழித்து மூடி உடைந்து அவர் சொன்னது சரி என்று ஆனால், புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

எதிர்த்தவரையே வேலை முடிந்தபின் சரிபார்க்க அனுப்பினால் இன்னும் நல்லது. மூடியின் கனம், கம்பி, சிமெண்டுக் கலவை எல்லாவற்றையும் ஆதரித்தவரைவிட அவர்தான் உன்னிப்பாகப் பார்ப்பார். குறை இருந்தால் அவர் சொல்லும்போது ஒப்பந்தக்காரரும் மழுப்ப முடியாது. குறை இல்லை என்று அவர் வாயால் வந்தால் தெருவில் மற்ற எவர் சொல்வதையும்விட அதற்கு எடை அதிகம். அப்படி வரும்போது, "அன்னிக்கு நீங்கதானே வேணாம்னீங்க" என்று யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்வது செயலாளர் பொறுப்பு.